ஒரே வாக்கியத்தில் இரண்டு நிபந்தனைகள்: அமெரிக்க நீதிமன்றத்தில் தனியே நிற்கும் பிள்ளைகள்

2025 ஆகஸ்ட் 31, ஞாயிறு அதிகாலை. திங்கள்கிழமை தொழிலாளர் தினம் என்பதால் அமெரிக்காவுக்கு நீண்ட வார விடுமுறை. டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில், மெக்சிகோ எல்லைக்கு அருகே உள்ள ஹார்லிங்கன் விமான நிலையத்துக்குக் குவாத்தமாலா நாட்டுப் பிள்ளைகளை அதிகாரிகள் அழைத்துவரத் தொடங்கியிருந்தார்கள். பெற்றோரோ வேறு பெரியவர்களோ இல்லாமல் எல்லை தாண்டி வந்து, அரசுக் காப்பகங்களில் தங்கியிருந்தவர்கள் அவர்கள். பலருடைய வழக்கு இன்னும் முடியவில்லை. காப்பகங்களில் பிள்ளைகளை எழுப்புகிறார்கள் என்ற செய்தி வழக்கறிஞர்களுக்கு நள்ளிரவில் எட்டியது. ஒரு மணியளவில் வாஷிங்டன் நீதிமன்றத்தில் அவசர மனு தாக்கலானது. முதலில் 10 முதல் 17 வயது வரையிலான பத்துப் பிள்ளைகளுக்காகத்தான் மனு. நீதிபதி ஸ்பார்க்கிள் சூக்னானனைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டியிருந்தது. விடிவதற்குள் அவர் தடை விதித்தார். விசாரணையைப் பிற்பகலில் வைத்திருந்தவர், பிள்ளைகள் விமானத்தில் ஏற்றப்படுவதாகத் தெரிந்ததும் அதை முன்னுக்கு இழுத்து, ஒத்த நிலையில் இருந்த எல்லாக் குவாத்தமாலாப் பிள்ளைகளுக்கும் தடையை விரித்தார். 76 பிள்ளைகள் விமானங்களிலிருந்து இறக்கப்பட்டுக் காப்பகங்களுக்குத் திரும்பினார்கள்.

பிள்ளைகளைத் திருப்பி அனுப்புமாறு பெற்றோரே கேட்டதாக அரசுத் தரப்பு அன்று சொன்னது. அடுத்த சில நாட்களில் வழக்கு வேறொரு நீதிபதியிடம் போனது. அவர் திமோத்தி கெல்லி, டிரம்ப்பே நியமித்தவர். செப்டம்பர் 18 அன்று தடையை நீட்டித்தபோது, பெற்றோர் கேட்டார்கள் என்ற விளக்கம் நிற்கவில்லை என்று அவர் எழுதினார்.

அந்த இரவில் நீதிபதி எழுந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, நள்ளிரவில் மனு எழுத ஆள் இருந்தார்கள் என்பது. எந்தப் பிள்ளை எந்தக் காப்பகத்தில் இருக்கிறது, யாருடைய புகலிட விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்பதெல்லாம் யாரோ சிலருக்கு முன்பே தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்து வைத்திருப்பதற்கு யார் பணம் கொடுப்பது என்பதில்தான் அமெரிக்காவில் நாற்பது ஆண்டுகளாக இழுபறி நடக்கிறது.

பின்னணி தெரியாமல் அந்த இழுபறி புரியாது.

அமெரிக்காவில் பதினைந்து வயதுப் பையன் ஒரு சைக்கிளைத் திருடிப் பிடிபட்டால், அவனிடம் பணம் இல்லையென்றால், அரசே வழக்கறிஞரை அமர்த்தியாக வேண்டும். 1967-இல் உச்ச நீதிமன்றம் கால்ட் வழக்கில் சொன்ன தீர்ப்பு அது. அரிசோனாவைச் சேர்ந்த பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசியதாகப் புகார். வழக்கறிஞர் இல்லாமலே விசாரித்து, 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் வைக்கலாம் என்று உத்தரவிட்டார்கள். சிறார் நீதிமன்றம் குற்றவியல் நீதிமன்றமல்ல, பிள்ளையின் நன்மைக்காக இருப்பது, ஆகவே வழக்கறிஞர் தேவையில்லை என்பது அரிசோனாவின் வாதம். பெயர் எதுவானால் என்ன, பையனின் சுதந்திரம் பறிபோகிறதல்லவா என்று கேட்டது உச்ச நீதிமன்றம்.

அதே பையன் ஹோண்டுராஸிலிருந்து வந்தவனாக இருந்து, நாடுகடத்தும் வழக்கில் நின்றால் அரசு வழக்கறிஞர் தராது. நாடுகடத்தல் குற்றத்துக்கான தண்டனையல்ல என்று 1893-இல், சீனத் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவைத்தது. ஆகவே இது உரிமையியல் வழக்கு. 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 292-ஆம் பிரிவு, வழக்கில் நிற்பவர் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ‘அரசுக்குச் செலவில்லாமல்’ என்கிறது. அதில் வயது வரம்பு எதுவும் கிடையாது. நாற்பது வயதுக்காரருக்கும் நான்கு வயதுக் குழந்தைக்கும் ஒரே விதிதான். எதிரில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஒருவர் எப்போதும் இருப்பார். குடியேற்ற நீதிபதியும் நீதித்துறையைச் சேர்ந்தவரல்ல; அமெரிக்க அரசு வழக்கறிஞர் நாயகத்தின் கீழ் பணிபுரியும் ஊழியர். மேசையின் இரு பக்கமும் அரசே உட்கார்ந்திருக்க, கால் தரையைத் தொடாத நாற்காலியில் ஒரு குழந்தை.

இந்த ஏற்பாட்டில் முதல் விரிசல் காப்பகத்தின் நிலைமையால் விழுந்தது. எல் சால்வடோரிலிருந்து வந்த பதினைந்து வயதுச் சிறுமியை 1985-இல் கலிபோர்னியாவில் தடுத்து வைத்தார்கள். அழைத்துப்போக அத்தை இருந்தும், பெற்றோர் வந்தால்தான் விடுவோம் என்றார்கள். அந்தச் சிறுமியின் பெயரில் தொடங்கிய ஃப்ளோரஸ் வழக்கு 1993-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஆனாலும் 1997-இல் அரசு ஓர் உடன்படிக்கைக்கு வந்தது. பிள்ளைகளைத் தேவைக்கு மேல் தடுத்து வைக்கக் கூடாது, வைத்தால் சுத்தமான இடத்தில் வைக்க வேண்டும், உறவினரிடம் விட முயல வேண்டும் என்று அது சொன்னது. வழக்கறிஞர் தர வேண்டும் என்ற பேச்சு அதில் இல்லை.

2002-இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, பிள்ளைகளைப் பராமரிக்கும் வேலை குடியேற்றக் காவலர்களிடமிருந்து சுகாதாரத் துறையின் கீழுள்ள அகதிகள் மறுகுடியமர்வு அலுவலகத்துக்கு மாறியது. அதுவரை பிள்ளையை வைத்திருந்ததும் அதன்மேல் வழக்கு நடத்தியதும் ஒரே துறைதான். யாரை ‘துணையற்ற பிள்ளை’ என்பது என்றும் அந்தச் சட்டமே வரையறுத்தது. வயது 18-க்குக் கீழ், சட்டபூர்வ அனுமதி இல்லை, கவனித்துக்கொள்ளப் பெற்றோரோ காப்பாளரோ நாட்டில் இல்லை. 2021 முதல் 2023 வரை ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இந்த வரையறைக்குள் வந்து அந்த அலுவலகத்தின் பொறுப்புக்குப் போனார்கள். பெரும்பாலோர் குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் நாட்டுப் பதின்வயதினர்.

அடுத்து 2008. ஜார்ஜ் புஷ் பதவியிலிருந்து இறங்கும் தறுவாயில், டிசம்பர் 23 அன்று கையெழுத்திட்ட ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் நிறைய மாற்றியது. எல்லையில் பிடிபட்ட பிள்ளையை 72 மணி நேரத்துக்குள் சுகாதாரத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். புகலிட மனுவை முதலில் நீதிமன்றம் விசாரிக்காது. ஓர் அதிகாரி எதிரே உட்கார்ந்து, குறுக்கு விசாரணை இல்லாமல் கேட்பார். எல்லாவற்றுக்கும் மேல், இந்தப் பிள்ளைகளுக்கு வழக்கறிஞர் கிடைப்பதைத் துறை உறுதிசெய்ய வேண்டும் என்று சட்டம் முதல்முறையாகச் சொன்னது. சொல்லிவிட்டு, கூடவே இரண்டு நிபந்தனைகளையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவிட்டது. ஒன்று, ‘நடைமுறையில் இயன்ற அளவு’. மற்றொன்று, ‘292-ஆம் பிரிவுக்கு இசைந்து’, அதாவது அந்த ‘அரசுக்குச் செலவில்லாமல்’ என்ற பிரிவுக்கு.

ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடித்துக்கொள்ளும் வாக்கியம் இது. 2008-க்குப் பிறகு நடந்த சண்டையெல்லாம் இதற்குள்ளேயே நடந்திருக்கிறது.

இலவச வழக்கறிஞர் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறார் என்று கேட்டால், நீதிமன்றத்தில் எழுந்து பேசுவது அதில் சிறு பகுதி. பெரும்பகுதி காப்பகத்தில் தொடங்குகிறது. ஒரு குழுவாகப் பிள்ளைகளை உட்கார வைத்து, நீதிபதி என்பவர் யார், எதிரில் உள்ள வழக்கறிஞர் யார் பக்கம், நீ என்னிடம் சொல்வதை நான் ஏன் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று விளக்குவார்கள். சின்னக் குழந்தைகளென்றால் பொம்மைகளும் படங்களும் வேண்டும். பிறகு தனித்தனியாகப் பேச்சு. இங்கே மொழி ஒரு சுவர். குவாத்தமாலா என்றால் ஸ்பானிஷ் என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் மலைப்பகுதிகளிலிருந்து வரும் பிள்ளைகள் பலருக்கு மாம், கிச்சே, கெக்சி போன்ற மாயா மொழிகளே தாய்மொழி. ஸ்பானிஷில் கேட்கும் கேள்விக்கெல்லாம் மரியாதைக்காக ‘ஆமாம்’ என்று தலையாட்டிவிடும் பிள்ளையின் வாக்குமூலம் பின்னால் அதற்கே எதிராக நிற்கும்.

பேச்சு முதல் நாளே வந்துவிடாது. அடித்தவன் யார், ஊரை விட்டு ஏன் ஓடினாய், வழியில் யார் என்ன செய்தார்கள் என்பதை எட்டு வயதுக் குழந்தை அறிமுகமில்லாதவரிடம் சொல்லாது. பதினாறு வயதுப் பையன் அதைவிடக் குறைவாகவே சொல்வான். அவனுக்கு வெட்கம். சட்டத்தின் பார்வையிலோ அந்தச் சொல்லாத பகுதிதான் வழக்கு.

ஏனென்றால் பிள்ளைகளுக்குப் பெரிதும் கைகொடுக்கும் வழி ஒன்று உண்டு. 1990-இல் சட்டத்தில் சேர்ந்த அதைச் ‘சிறப்புக் குடியேறி இளையோர்’ தகுதி என்கிறார்கள். பெற்றோரில் ஒருவரோ இருவருமோ பிள்ளையைக் கொடுமைப்படுத்தியோ கவனிக்காமலோ கைவிட்டோ இருந்தால், அவர்களிடம் திரும்பிச் சேர வழியில்லை என்றால், இந்தத் தகுதிக்கு மனுச் செய்யலாம். அப்பா குடித்துவிட்டு அடித்தார் என்பது பையனைப் பொறுத்தவரை வீட்டு அவமானம். அவனுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே சட்டப் பாதுகாப்பின் அடிப்படையும் அதுதான். யாரும் கேட்காவிட்டால் அவனாகச் சொல்லப்போவதில்லை.

சொன்னாலும் ஒரு கதவோடு முடியாது. முதலில் மாநிலக் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டு, ‘பெற்றோரிடம் சேர முடியாது, தாய்நாட்டுக்கு அனுப்புவது பிள்ளைக்கு நல்லதல்ல’ என்ற தீர்மானத்தை வாங்க வேண்டும். மத்திய அரசின் குடியேற்றத்தைப் பற்றிக் கொஞ்சமும் தெரியாத மாநில நீதிபதியிடம் அதை விளக்கி வாங்க வேண்டும். அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு குடியேற்றச் சேவைத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2025 ஜூலையில் வந்த சட்டத்தின்படி இதற்கு 250 டாலர் கட்டணம் வேறு. இது ஓடிக்கொண்டிருக்கும்போதே குடியேற்ற நீதிமன்றத்தில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆஜராகி, நாடுகடத்தும் வழக்கை நிறுத்திவைக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பல மாநிலங்களில் குடும்ப நீதிமன்றத்தின் அதிகாரம் 18 வயதோடு முடிந்துவிடும் என்பதால் பிறந்தநாள் ஒரு காலக்கெடு. எல்லாம் கைகூடினாலும் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் ‘கிரீன் கார்டு’ அட்டைக்கு வரிசை இருக்கிறது. விந்தை என்னவென்றால், அமெரிக்கச் சட்டம் இந்தப் பிள்ளைகளை வேலைவாய்ப்பு விசாவின் நான்காம் பிரிவில், மதப் பணியாளர்களோடு ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் பத்தாயிரம் இடங்கள்தான். காத்திருப்பு பல ஆண்டுகள். அதுவரை அந்தக் கோப்பை உயிரோடு வைத்திருக்க ஒருவர் வேண்டும்.

பெரியவர்களே இதில் ஏமாறுகிறார்கள். லத்தீன் அமெரிக்க நாடுகளில் ‘நோட்டாரியோ’ என்றால் சட்டம் படித்த மதிப்புக்குரிய அதிகாரி. அமெரிக்காவில் நோட்டரி என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி முத்திரை வைப்பவர் மட்டும். அந்தப் பெயர்க் குழப்பத்தை வைத்தே கடை விரித்துப் பணம் பிடுங்குகிற கூட்டம் குடியேறிகள் வாழும் ஊர்களில் உண்டு.

இவ்வளவையும் ஒரு குழந்தை தானாகச் செய்துகொள்ளும் என்று யாராவது சொல்வார்களா? சொன்னார்கள். பிள்ளைகளுக்கு அரசே வழக்கறிஞர் தர வேண்டும் என்று கோரிய வழக்கொன்றில், 2015-இல் ஜாக் வெயில் என்ற குடியேற்ற நீதிபதி சாட்சியம் அளித்தார். மற்ற நீதிபதிகளுக்குப் பயிற்சி தருவதை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருந்தவர் அவர். மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தைகளுக்கே தான் குடியேற்றச் சட்டம் கற்றுக்கொடுத்திருப்பதாகவும், நேரமும் பொறுமையும் தேவை, ஆனால் அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது என்றும் அவர் சொன்னார். 2016 மார்ச்சில் இது செய்தியானதும் சில வழக்கறிஞர்கள் சின்னக் குழந்தைகளை உட்கார வைத்துச் சட்டக் கேள்விகள் கேட்டு வீடியோவே வெளியிட்டார்கள். பதில்களை ஊகித்துக்கொள்ளலாம்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த வழக்கு அதே ஆண்டு செப்டம்பரில், ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், இந்தக் கேள்வியை இந்த வழியாகக் கொண்டுவர முடியாது என்ற காரணத்தால் தள்ளுபடியானது. 2018 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், ஹோண்டுராஸிலிருந்து வந்த ஒரு பையனின் வழக்கில், அரசுச் செலவில் வழக்கறிஞர் பெறும் உரிமை அவனுக்கு இல்லை என்றார்கள். 2019-இல் அதே நீதிமன்றத்தின் கூடுதல் நீதிபதிகள் கொண்ட விரிந்த அமர்வு அந்தப் பையனுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. ஆனால் காரணம் வேறு: சிறப்பு இளையோர் தகுதி இருக்கிறது என்பதைக் குடியேற்ற நீதிபதி அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்பது. வழக்கறிஞர் உரிமை என்ற கேள்வியைத் தொடாமலே நகர்ந்துவிட்டார்கள். வெந்நீர்ப் பானையைத் தொடாமல் சுற்றிவரும் பூனையைப் போல நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியைச் சுற்றியே வந்திருக்கின்றன.

உரிமை கிடைக்காத இடத்தில் ஏற்பாடு வளர்ந்தது. 2008-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் நடிகை ஏஞ்சலினா ஜோலியும் சேர்ந்து ‘கைண்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெரிய சட்ட நிறுவனங்களின் வழக்கறிஞர்களைப் பிடித்து, பயிற்சி கொடுத்து, ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்று இணைத்துவிடுவது அதன் வேலை. ஹார்லிங்கனில் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் ‘புரோபார்’, அரிசோனாவில் ஃப்ளோரன்ஸ் திட்டம் என எல்லையோரத்தில் பழைய அமைப்புகளும் உண்டு. 2014-இல் மட்டும் 68,000-க்கும் மேற்பட்ட துணையற்ற பிள்ளைகள் எல்லையில் பிடிபட்டார்கள். ஒபாமா அரசு அவர்களின் வழக்குகளை வரிசையின் முன்னால் நிறுத்தி வேகமாக முடிக்க முயன்றது. வழக்கறிஞர் கிடைப்பதற்குள் விசாரணைத் தேதி வந்துவிட்டது. அதே ஆண்டு சிராகியூஸ் பல்கலைக்கழகத்தின் ‘டிராக்’ மையம், 2005 முதல் முடிந்த பிள்ளைகளின் வழக்குகளை ஆராய்ந்து ஒரு கணக்கு வெளியிட்டது. வழக்கறிஞர் இருந்த பிள்ளைகளில் 47 விழுக்காட்டினர் அமெரிக்காவில் இருக்க அனுமதி பெற்றார்கள். வழக்கறிஞர் இல்லாதவர்களில் பத்தில் ஒருவர்தான்.

இந்த எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் படிப்பது நல்லது. தேறக்கூடிய வழக்குகளையே வழக்கறிஞர்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். விசாரணைக்கே வராத பிள்ளைகள் வழக்கறிஞர் இல்லாதவர்கள் கணக்கில்தான் விழுவார்கள். இதையெல்லாம் கழித்தாலும் இடைவெளி சின்னதாகாது என்றே நினைக்கிறேன். மேலே சொன்ன மூன்று அலுவலகங்களின் கதையை நினைத்துப் பார்த்தால், அந்தப் பத்தில் ஒருவரும் எப்படித் தப்பினார் என்பதே ஆச்சரியம்.

2025-க்கு வருவோம். அதற்குள் மத்திய அரசின் ஒப்பந்தப் பணத்தில், அக்கேசியா நீதி மையம் வழியாக, நாடெங்கும் உள்ள சட்ட உதவி அமைப்புகள் சுமார் 26,000 பிள்ளைகளுக்காக வாதாடிக்கொண்டிருந்தன. பிப்ரவரி 18 அன்று வேலையை நிறுத்துங்கள் என்று உத்தரவு வந்தது. மூன்று நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். மார்ச் 21 அன்று ஒப்பந்தத்தின் பெரும்பகுதியையே ரத்து செய்தார்கள். காப்பகத்தில் உரிமைகளை விளக்கும் வேலை தொடரலாம், வாதாடும் பணம் கிடையாது. அடுத்த நாள் வெளியான அதிபரின் குறிப்பாணை, குடியேற்ற வழக்கறிஞர்களையும் இலவசமாக வாதாடும் பெரிய சட்ட நிறுவனங்களையும் வெளிப்படையாகச் சாடியது. ஆக, அரசுப் பணமும் நின்றது, இலவசமாக வருபவர்களுக்கும் எச்சரிக்கை போனது.

இதில் சங்கடமான ஒன்று உண்டு. வழக்கின் நடுவில் வழக்கறிஞர் விலகிவிட முடியாது. நீதிபதியின் அனுமதி வேண்டும், தொழில் நெறியும் விடாது. பணம் நின்ற மறுநாளும் கோப்புகள் அவர்கள் மேசையில்தான் இருந்தன. அமைப்புகள் ஊழியர்களை வேலையிலிருந்து அனுப்பிக்கொண்டே வாய்தாக்களுக்கும் போய்க்கொண்டிருந்தன.

கிழக்குப் பாலோ ஆல்ட்டோவின் சமூகச் சட்டச் சேவை அமைப்பும் வேறு சிலவும் சான்பிரான்சிஸ்கோவில் வழக்குப் போட்டன. அரசு அந்த 292-ஐ எடுத்து நீட்டியது. அரசுக்குச் செலவில்லாமல் என்று சட்டமே சொல்கிறது, 2008 சட்டமும் அதற்கு இசைந்து என்கிறது, பணம் கொடுப்பதும் நிறுத்துவதும் எங்கள் விருப்பம் என்றது. எதிர்த்தரப்பு மற்ற சொல்லைப் பிடித்தது. இயன்ற அளவு என்றால், நாடாளுமன்றம் இதற்கென்றே பணம் ஒதுக்கி, அது கையிலும் இருக்கும்போது, இயலவில்லை என்று எப்படிச் சொல்வது? பணம் இருந்து, இலவச வழக்கறிஞர் கிடைக்காவிட்டால் நிதி தர வேண்டும் என்று 2024-இல் சுகாதாரத் துறையே விதி எழுதியிருக்கிறதே என்றும் கேட்டது. நீதிபதி அராசெலி மார்ட்டினெஸ்-ஓல்குயின் ஏப்ரல் 1 அன்று தற்காலிகத் தடையும், 29 அன்று இடைக்காலத் தடையும் விதித்து, பணத்தைத் தொடர்ந்து தரச் சொன்னார். அதை நிறுத்திவைக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது.

அரசின் பக்கம் வாதமே இல்லை என்பதல்ல. வழக்கறிஞர் வந்தால் வழக்கு நீள்கிறது. 30 லட்சத்துக்கும் மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கும் நீதிமன்றத்தில் அது சுமை. இலவச வழக்கறிஞர் கிடைப்பார் என்ற செய்தியே இன்னும் பிள்ளைகளை வரச் செய்கிறது என்பதும் பழைய குற்றச்சாட்டு. முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. மனுப் போட்டால் வழக்கு நீளும். ஆனால் வழக்கறிஞர் இல்லாத பிள்ளைக்கு, மனசாட்சியுள்ள நீதிபதி ஆள் தேடிக்கொள்ள அவகாசம் தந்து தள்ளிக்கொண்டே போவார், அதுவும் நீளும். வழியில்லாத வழக்கில் ‘உனக்கு வாய்ப்பில்லை’ என்று நேர்மையாகச் சொல்லி, தானே விரும்பி ஊர் திரும்பும் ஏற்பாட்டைச் செய்து தருவதும் வழக்கறிஞர்தான். அம்மாவிடம் போக வேண்டும் என்று அழும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டாவது வாதத்தைப் பொறுத்தவரை, கும்பல்களிடமிருந்து தப்பி ஓடும் பதினைந்து வயதுப் பையன் அமெரிக்க நிதி ஒதுக்கீட்டைப் படித்துவிட்டா கிளம்புகிறான்?

‘காணாமல் போன மூன்று லட்சம் குழந்தைகள்’ என்று ஒரு பேச்சும் 2024 தேர்தல் நேரத்திலிருந்து ஓடுகிறது. அதற்கு மூலம், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் 2024 ஆகஸ்டில் தந்த அறிக்கை. ஐந்து நிதியாண்டுகளில் 32,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் நீதிமன்றத்துக்கு வரவில்லை. இன்னும் 2,91,000 பேருக்கு நீதிமன்ற நோட்டீஸே வழங்கப்படவில்லை என்றது அது. நோட்டீஸ் போகாததும் காணாமல் போவதும் ஒன்றல்ல. ஆனாலும் கவலை பொய்யல்ல. 2023 பிப்ரவரியில் இறைச்சி ஆலைகளைச் சுத்தம் செய்யும் ஒரு நிறுவனம், 8 மாநிலங்களில் 102 சிறார்களை இரவு வேலையில் வைத்திருந்ததற்காக 15 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. உறவினர் வீட்டுக்குப் போன பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, ஆலைக்குப் போகிறதா என்பது தொலைபேசியில் பேசும் யாராவது ஒருவருக்குத் தெரிய வேண்டும். அந்த ஒருவர் பல நேரம் வழக்கறிஞராகவே இருந்திருக்கிறார். பிள்ளைகளைத் தேடுகிறோம் என்று சொல்லும் அரசு, அவர்கள் இருக்குமிடம் தெரிந்தவர்களின் சம்பளத்தை நிறுத்தியது.

காப்பகம் டெக்சாஸில் இருக்கும், சித்தப்பா வீடு மேரிலாந்தில் இருக்கும். பிள்ளை அங்கே போன பிறகும் கோப்பு டெக்சாஸ் நீதிமன்றத்திலேயே கிடக்கும். முகவரி மாற்றத்துக்கு ஒரு படிவம், வழக்கை மாற்றித்தரக் கேட்டு இன்னொரு மனு. அதை யாரும் போடாவிட்டால் விசாரணைக் கடிதம் பழைய முகவரிக்குப் போகும், பிள்ளை வராது, வராத பிள்ளைமேல் அன்றே ஒருதலையாக நாடுகடத்தல் உத்தரவு விழும். தனக்கு அப்படி ஓர் உத்தரவு இருப்பதே தெரியாமல் அது காலையில் பள்ளிக்குக் கிளம்பிப் போய்க்கொண்டிருக்கும்.